தொட்டிக்குள் ஒரு கடல்: முருகைக்கற்களைக் காக்கும் தானியங்கிக் கருவிகள்

தரம் 13, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

முருகைக்கல்லை வீட்டு வரவேற்பறையில் வளர்க்கலாம் என்று சொன்னால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்புவதில்லை. கல்லை எப்படி வளர்ப்பது என்று கேட்பவர்களும் இருக்கின்றனர். கரையோரத்தில் பிறந்தவர்கள் பலருக்கு அது சுண்ணாம்புச் சூளைக்குப் போகும் வெள்ளைக் கல் மட்டுமே. உண்மையில் அந்தக் கல், பொலிப்பு எனப்படும் மிகச் சிறிய விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடாகும். பாறையை அமைக்கும் முருகைகளின் பொலிப்புகளில், இழையத்தினுள்ளே ஒற்றைக்கல அல்காக்கள் குடியிருக்கின்றன. அல்கா ஒளித்தொகுப்புச் செய்து உணவு கொடுக்கிறது. பொலிப்பு இடம் கொடுக்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த ஒப்பந்தம் முறிந்துவிடும். பொலிப்பு அல்காவை வெளியேற்றிவிட்டு வெளிறிப் போகும். வெளிறல் நீடித்தால் பட்டினியால் இறக்கும்.

இவ்வளவு நொய்மையான உயிரினத்தைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்பதே இக்கட்டுரை. கட்டாரில் டோஹா நகரில் வேலை செய்யும் எனது மாமாவிடம் ஏறத்தாழ 400 லீற்றர் கொள்ளளவுள்ள முருகைத் தொட்டி ஒன்று உண்டு. சென்ற முறை நோன்பு விடுமுறைக்கு உம்மாவுடன் அங்கே போயிருந்தபோது ஒரு மாதம் அதன் அருகிலேயே கிடந்தேன் என்று சொன்னால் மிகையாகாது. மீன்களைவிட என்னைக் கவர்ந்தது தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் இருந்த சிறிய கறுப்புப் பெட்டிதான். அதிலிருந்து ஆறேழு வயர்கள் நீருக்குள் போயின. வேறு சில வயர்கள் பிளக் வரிசைக்குப் போயின. அதுவே தொட்டியின் கட்டுப்படுத்தி.

முதலில் இப்படியொரு பெட்டி ஏன் தேவை என்பதைப் பார்ப்போம். கடல் மிகப் பெரியது. அதன் வெப்பநிலையோ உவர்த்தன்மையோ ஒரு மணித்தியாலத்தில் மாறிவிடாது. 400 லீற்றர் நீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 5 லீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே நிற்கிறது. ஒரு வாரம் யாரும் நீர் சேர்க்காவிட்டால், லீற்றருக்கு 35 கிராம் அளவில் இருந்த உப்பு 38 கிராமைத் தாண்டிவிடும். முருகைகள் இதைத் தாங்கா.

இதைவிட நுட்பமானது காரத்தன்மைப் பிரச்சினை. பொலிப்பு தனது வன்கூட்டைக் கல்சியங்காபனேற்றினால் கட்டுகிறது. அதற்கான கல்சியத்தையும் காபனேற்றையும் நீரிலிருந்தே எடுக்கிறது. தொட்டி நீரில் கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். காரத்தன்மை, இத்துறையினர் பயன்படுத்தும் ஜேர்மன் பாகை அலகில், 7 முதல் 11 வரை இருக்க வேண்டும். இரசாயனவியல் படிக்கும் தோழியர் இந்த விகிதத்தைக் கணித்துப் பார்க்கலாம்: கல்சியம் 20 மில்லிகிராம் குறையும்போது காரத்தன்மை 2.8 பாகை குறையும். 420 இல் 20 போனால் யாருக்கும் தெரியாது. 8 இல் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே தொட்டிக்காரர்கள் கல்சியத்தைவிடக் காரத்தன்மையைத்தான் அதிகம் கண்காணிக்கின்றனர். முருகைகள் நன்றாக வளர வளர இந்தக் குறைவும் வேகமாகும் என்பதுதான் வேடிக்கை. தொட்டி செழிப்பாக இருக்கும் காலத்திலேயே ஆபத்தும் கூடுகிறது.

இனிக் கட்டுப்படுத்தி செய்யும் வேலையைப் பார்ப்போம். அது எங்களுக்குப் புதிதல்ல. ஓர்சீர்த்திடநிலை என்ற பாடத்தில் படித்த அதே எதிர்ப் பின்னூட்டம்தான். எமது உடல் வெப்பநிலை 37 பாகையிலிருந்து விலகினால் ஐப்போதலமசு அதை உணர்ந்து, வியர்க்கவோ நடுங்கவோ கட்டளையிடுகிறது. தொட்டியில் வெப்பநிலை உணரி வாங்கியாகவும், கறுப்புப் பெட்டி மூளையாகவும், வெப்பமாக்கியும் குளிரூட்டியும் விளைவுகாட்டிகளாகவும் இருக்கின்றன. மாமாவின் பெட்டியில் எழுதப்பட்டிருந்த கட்டளைகளை எளிய தமிழில் சொன்னால் இப்படி வரும்: நீர் 25.3 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் வெப்பமாக்கியை இயக்கு; 25.7 ஐத் தாண்டினால் நிறுத்து. நீர் 26.2 ஐத் தாண்டினால் குளிரூட்டியை இயக்கு; 25.8 க்கு இறங்கினால் நிறுத்து.

ஏன் இரண்டு எண்கள், 25.5 என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் போதாதா என்று நான் கேட்டேன். ஒரே எண்ணாக இருந்தால் நீர் 25.49 க்கும் 25.51 க்கும் இடையே ஆடும்போதெல்லாம் ஆளி மாறி மாறி விழுந்துகொண்டே இருக்குமாம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடும் ஆளி விரைவில் பழுதாகிவிடும். அந்தச் சிறிய இடைவெளி இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும் ஆறுதல் நேரம்.

வெப்பமாக்கியைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். இத்துறையில் அனுபவமுள்ளோர் அதிகம் பயப்படுவது வெப்பமாக்கி வேலை செய்யாமல் போவதற்கு அல்ல. நிற்காமல் வேலை செய்வதற்கே. ஆளியின் தொடுமுனைகள் சூட்டினால் உருகி ஒட்டிக்கொண்டால், பெட்டி நிறுத்து என்று கத்தினாலும் மின் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மாமா செய்திருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெரிய வெப்பமாக்கிக்குப் பதிலாக இரண்டு சிறியவை. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தனியாக முழுத் தொட்டியையும் வேகவைக்கும் வலு அதற்கு இல்லை. அத்துடன் ஒவ்வொன்றிலும் உள்ள சொந்த வெப்பநிறுத்தியை, பெட்டியின் எல்லையைவிடச் சற்று மேலே 26.5 இல் திருப்பி வைத்திருந்தார். பெட்டி தவறினாலும் அது தடுக்கும்.

ஆவியாகும் நீருக்குப் பதிலாக நன்னீர் சேர்ப்பதும் தானாகவே நடக்கிறது. நீர்மட்டம் குறைந்தால் ஒரு மிதவை கீழிறங்கும், சிறிய பம்பி வாளியிலிருந்து சுத்திகரித்த நீரை ஏற்றும், மட்டம் சரியானதும் நிற்கும். எங்கள் வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கியின் மிதவையும் இதே தத்துவம்தான். ஆனால் தாங்கிக்குள் நத்தை இல்லை. முருகைத் தொட்டியில் அல்காவை மேய்வதற்காக நத்தைகள் விடப்படுகின்றன. அவற்றில் ஒன்று மிதவையின் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால், மட்டம் குறைந்துவிட்டது என்று நம்பி பம்பி ஓடிக்கொண்டே இருக்கும். உவர்நீர் நன்னீராகும், தரையும் நனையும். ஆகவே மேலே இரண்டாவது மிதவை ஒன்று வைக்கின்றனர். பம்பி தொடர்ந்து இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று கட்டளையும் எழுதுகின்றனர். வாளியையும் சிறிதாகவே வைக்கின்றனர். வாளியில் உள்ளது முழுவதும் கொட்டினாலும் தொட்டி பிழைத்துக்கொள்ளும்.

கல்சியத்தையும் காரத்தையும் நிரப்புவதற்கு அளவுப் பம்பிகள் உண்டு. மென்மையான குழாயை உருளைகள் வரிசையாக நசுக்கித் திரவத்தைத் தள்ளுகின்றன. உணவுக்குழாயின் சுற்றுச்சுருக்கு அசைவைப் படித்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. நாளுக்கு ஒரு தடவை ஒரு கோப்பை ஊற்றுவதைவிட, 24 மணித்தியாலத்திலும் சில மில்லிலீற்றர்களாகப் பகிர்ந்து விடுவதே நல்லது. இரண்டு கரைசல்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழக் கூடாது; விழுந்தால் அங்கேயே வெள்ளை வீழ்படிவாகிவிடும். பொலிப்பு செய்ய வேண்டிய வேலையைப் பாத்திரமே செய்து முடித்துவிடும்!

நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தது பீ.எச். வரைபையே. பகலில் விளக்கு எரியும்போது அல்காக்கள் காபனீரொட்சைட்டை எடுப்பதால் பீ.எச். ஏறுகிறது. இரவில் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் இறங்குகிறது. கைத்தொலைபேசித் திரையில் அது நாளுக்கொரு மேடும் பள்ளமுமாக ஓடும், 8.0 க்கும் 8.3 க்கும் இடையே. பெருநாளன்று மட்டும் மேடு வரவில்லை. மத்தியானம் முழுவதும் கோடு தாழ்ந்தே கிடந்தது. கருவி பழுதோ என்று நினைத்தேன். மாமா சிரித்துக்கொண்டே வரவேற்பறையைக் காட்டினார். ஏ.சி.க்காக யன்னல்கள் எல்லாம் மூடப்பட்ட அறையில் முப்பதுக்கும் மேற்பட்ட விருந்தினர் இருந்தனர். அத்தனை பேர் வெளிவிட்ட காபனீரொட்சைட்டும் நீரில் கரைந்து அதை அமிலப் பக்கம் இழுத்திருக்கிறது. "யன்னலத் துறந்து விடுங்க மகள், இப்ப பாருங்க" என்றார். அரை மணித்தியாலத்தில் கோடு மெல்ல நிமிரத் தொடங்கியது. பாடப்புத்தகத்தில் பல தடவை வாசித்த சமநிலையை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

எனினும் உணரி சொல்வதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பீ.எச். உணரி உண்மையில் அளப்பது ஒரு மெல்லிய கண்ணாடிச் சுவரின் இருபக்கமும் தோன்றும் அழுத்த வேறுபாட்டையே. 25 பாகையில் ஒரு பீ.எச். அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ற். கண்ணாடியில் அல்கா படிந்தால், அல்லது அது பழசானால், இந்த எண் மாறிவிடும். ஆகவே உணரியைக் கழற்றிச் சுத்தம் செய்து, பீ.எச். 7 உம் 10 உம் உள்ள தாங்கற் கரைசல்களில் அமிழ்த்தி அவ்வப்போது அளவுதிருத்தம் செய்ய வேண்டும். ஓரிரு வருடங்களில் புதிதாக மாற்றவும் வேண்டும். காரத்தன்மையைத் தானாக அளக்கும் கருவிகளும் இப்போது உள்ளன. அவை செய்வது எமது ஆய்வுகூடத்தில் அளவியைப் பிடித்துக்கொண்டு நாம் செய்யும் அதே நியமிப்புத்தான்: சிறிதளவு தொட்டி நீரை எடுத்து, பீ.எச். 4.5 அளவுக்கு இறங்கும்வரை அமிலம் விடுகின்றன. நமக்குப் போல் அவற்றின் கை நடுங்குவதில்லை.

கட்டுப்படுத்தியின் எல்லை எங்கே என்பதை அதே வருடம் ஆவணி மாதம் தெரிந்துகொண்டோம். மாமாவின் குடும்பம் இலங்கைக்கு வந்து எங்கள் வீட்டில் நின்றது. டோஹாவில் தொட்டி தனியே. இங்கே நள்ளிரவு 12.40 மணிக்கு மாமாவின் கைத்தொலைபேசி ஒலித்தது. அங்கே இரவு 10.10. நீர் 27.1 பாகை, ஏறிக்கொண்டிருக்கிறது என்று பெட்டி அறிவித்தது. குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் நீர் சூடாகியது. வரைபை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எல்லோரும் யோசித்தோம். விடயம் யாதெனில், அறையின் ஏ.சி. நின்றுவிட்டது. குளிரூட்டி, நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை எங்கே விடும்? அதே அறைக்குள்தான். அறை சூடாகச் சூடாகக் குளிரூட்டியின் திறன் குறைகிறது. திறன் குறைய அது இன்னும் அதிக நேரம் ஓடுகிறது. அறை இன்னும் சூடாகிறது. எதிர்ப் பின்னூட்டமாக வடிவமைத்த ஒன்று நேர்ப் பின்னூட்டமாக மாறிவிட்டது. பெட்டிக்கு நீரின் வெப்பநிலை தெரியும். அறையின் வெப்பநிலையை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

மாமா இங்கிருந்தபடியே விளக்குகளை அணைத்தார். நீர்ப்பரப்பின் மேல் காற்றடிக்கும் விசிறிகளை முழு வேகத்தில் விட்டார். ஆவியாதல் கூடுவதால் நீர் ஓரளவு குளிரும். அதனால் கிடைத்தது நேரம் மட்டுமே. சாவி வைத்திருந்த நண்பர் ஒருவர் ஒன்றரை மணித்தியாலத்தில் போய், விழுந்திருந்த மின்சுற்று உடைப்பானை நிமிர்த்திய பிறகே கோடு இறங்கியது. உச்சமாக 28.4 வரை போயிருந்தது. கிளை முருகைகள் இரண்டின் நுனிகள் வெளுத்தன, மற்றவை தப்பின. மாமா திரும்பிப் போனதும் முதல் வேலையாக அறைக்கும் ஓர் உணரி பூட்டினார். சுவர் 30 பாகையைத் தாண்டினால் இப்போது நீர் சூடாகுமுன்னரே தகவல் வந்துவிடுகிறது.

அன்றிரவு மாமி சொன்னதையும் எழுதாமல் விட முடியாது: "புள்ளயளுக்குக் காய்ச்சல் வந்த நேரம் கூட இவர் இப்பிடி முழிச்சிருந்து சூடு பாக்கல்ல."

இத்தகைய கருவிகள் விலை கூடியவை. அமெரிக்காவின் நெப்டியூன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஏபெக்ஸ், ஜேர்மனியின் ஜீ.எச்.எல். நிறுவனத்தின் புரொஃபிலக்ஸ் என்பன பெயர் பெற்றவை. ஆனால் விலை கொடுத்து வாங்குவது ஒன்றே வழியல்ல. ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியில் இயங்கும் ரீஃப் பை என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உணரிகளையும் ஆளிகளையும் தனித்தனியே வாங்கித் தாமே இணைப்பவர்கள் உலகெங்கும் உள்ளனர். எனக்கு இந்த வழியே பிடித்திருக்கிறது. தானே பூட்டியவருக்குத்தான் எந்த வயர் எங்கே போகிறது என்று நள்ளிரவிலும் தெரியும்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு தொட்டி வைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கடலில் இறங்கி முருகைக்கல்லை உடைத்துக் கொண்டுவந்து வைக்க முடியாது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எமது கல்முருகைகள் பாதுகாக்கப்பட்டவை. அது நியாயமானதே என்பது எனது கருத்து. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காகப் பல வருடங்கள் முருகைக்கல் தோண்டப்பட்டது. அதற்கு மேல் 1998 இல் எல் நினோவினால் கடல் சூடானபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் முருகைகள் பெருமளவில் வெளிறி இறந்தன. அந்த ஆண்டில் திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு பெரிதும் தப்பியது. எஞ்சியதிலிருந்து எடுத்து வீட்டை அலங்கரிக்க எவருக்கும் மனம் வரக்கூடாது.

அப்படியாயின் இந்த அறிவினால் எமக்கு என்ன பயன்? இலண்டனில் உள்ள ஹோர்னிமன் அருங்காட்சியகத்தின் நீர்வாழ் உயிரினப் பிரிவு 2012 இல் தொடங்கிய முருகைத் திட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். கடலில் பல முருகை இனங்கள் ஆண்டில் ஓரிரு தடவையே, பூரணை கழிந்த சில இரவுகளில், முட்டைகளையும் விந்துகளையும் ஒரே நேரத்தில் நீரில் விடுகின்றன. தொட்டியில் வளர்பவை இதைச் செய்வது மிக அரிதாக இருந்தது. ஏனெனில் அவற்றுக்கு மாதமும் தெரியாது, பருவமும் தெரியாது. அங்குள்ள ஆய்வாளர்கள் கட்டுப்படுத்தியின் மூலம், முருகைகள் எடுத்துவரப்பட்ட கடலின் வருடாந்த வெப்பநிலை ஏற்றத்தாழ்வையும் பகலின் நீளத்தையும் நிலா தோன்றும் நேரத்தையும் அதன் வளர்பிறை தேய்பிறையையும் தொட்டியில் அப்படியே உண்டாக்கினர். நாம் பெருநாளுக்குப் பிறை பார்ப்பதுபோல அவையும் செயற்கைப் பிறையைப் பார்த்திருக்க வேண்டும்! இலண்டனில் ஓர் அறைக்குள், கடலில் உள்ள தம் இனத்தின் நாட்காட்டியையே பின்பற்றி, நான்கு அக்ரோபோரா இனங்கள் முட்டையிட்டன. அந்த முறை 2017 இல் ஆய்விதழில் முழுமையாக வெளியிடப்பட்டது. 2019 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் புளோரிடா அக்குவாரியம், ஹோர்னிமன் குழுவின் உதவியுடன், அழிவின் விளிம்பிலிருந்த தூண் முருகையை ஆய்வுகூடத்தில் முட்டையிடச் செய்தது. கடலிலிருந்து எடுப்பதற்குப் பதிலாகக் கடலுக்குக் கொடுப்பதற்கு இது ஒரு வழி. வெப்பமாக்கியை இயக்கவும் நிறுத்தவும் பிறந்த பெட்டிதான் இதையும் செய்தது என்பதை நினைக்கும்போது, மாமாவின் அலுமாரியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

எங்கள் கல்லூரி உயிரியல் ஆய்வுகூடத்தில் நன்னீர் மீன்தொட்டி ஒன்று இருப்பதை எல்லோரும் அறிவர். மிஸ்ஸின் அனுமதியுடன் விஞ்ஞான மன்றத்தினர் நால்வர் சேர்ந்து அதில் நீர்புகா வெப்பநிலை உணரி ஒன்றைப் போட்டு, ஆடுயினோ பலகையுடன் இணைத்துள்ளோம். மாமாவின் அனுபவத்தை நினைத்து, இரண்டாவது உணரி ஒன்றைத் தொட்டிக்கு வெளியே சுவரில் ஒட்டியிருக்கிறோம். இப்போதைக்கு அது எதையும் இயக்குவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு எண்களைப் பதிகிறது, அவ்வளவுதான். முதல் வார வரைபை ஆய்வுகூடக் கதவில் ஒட்டியுள்ளோம். புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நீரின் கோடு திடீரென்று உயர்ந்திருப்பதற்கு இன்னும் காரணம் கண்டுபிடிக்கவில்லை. சுவரின் கோடு அந்த நேரம் அசையவே இல்லை. அன்று அந்தப் பாடவேளையில் ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் தயவுசெய்து மன்றச் செயலாளரிடம் வந்து சொல்லவும்.